இருபத்து நாலு கப்பும் ஒரு சில்வர் பேனாவும்

செப்டம்பர் 8, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில். ஆம்பூருக்கும் மழைக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுநாள். கடை பெருக்கி, பிரஷ் கழுவி வைத்தேன். மஞ்சள் பெயின்ட் மூடி மறுபடி ஒட்டிக்கொண்டது. பல்லால் திறந்தேன். மத்தியானம் வரை மஞ்சள் பல்லோடு எல்லாரையும் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஒருத்தராவது சொன்னார்களா!

முதல் ஆள், எதிர்ச் சாரியில் டயர் கடை வைத்திருப்பவர்.

"கப்புல பூவு நல்லா கீது. யாரு வரையிறது?"

"நீங்கதான் சார். கப்பு, பெயின்ட், பிரஷ் நான் தருவேன். நீங்க வரைஞ்சா ஓவன்ல சுட்டுத் தருவேன்."

"நானே வரையணுமா? அப்ப நீ இன்னாத்துக்கு?"

பத்து மாதமாக இதே கேள்வி. வீட்டிலும் இதே கேள்விதான், கொஞ்சம் மரியாதையாக.

பிறகு ஒரு அம்மா, எவர்சில்வர் குடத்தோடு. பேர் வெட்டித் தர வேண்டுமாம். இங்கே வெட்டுவதில்லை என்றேன். "பின்ன கலைக்கூடம்னு எதுக்கு போர்டு?" குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மாலை, பழைய பள்ளியிலிருந்து கடிதம். டிராயிங் டீச்சர் இடம் காலி. என்னையே திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். 17 புதன் காலைக்குள் பதில். தலைமை ஆசிரியை (த.ஆ.) கைப்பட எழுதியிருக்கிறார். ஜெயராஜ் அதை இரண்டு தடவை படித்தார். எங்கள் கல்யாணப் பத்திரிகையையே ஒரு தடவைதான் படித்த மனுஷன்.

"போய்டு எஸ்தர். பத்து மாசம் பாத்தாச்சு."

போக மனசில்லை. பன்னிரண்டு வருஷம் அங்கே மாம்பழம் வரையச் சொல்லிக்கொடுத்தேன். போர்டில் நான் போட்டதை நாற்பது பிள்ளைகள் அப்படியே போடும். இங்கே வருகிறவர்கள் ஒருத்தரும் சொன்னபடி வரைவதில்லை. அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

9, செவ்வாய்

நல்ல சேதி! ஷூ கம்பெனி வெல்ஃபேர் ஆபீசர் வந்தார். ஆண்டு விழாவுக்கு வழக்கமாக டிபன் பாக்ஸ் கொடுப்பார்களாம். வீட்டில் பன்னிரண்டு டிபன் பாக்ஸ் சேர்ந்துவிட்டது என்று பெண்கள் சண்டை. அதனால் இந்த வருஷம் ஆளுக்கு ஒரு கப், அவர்களே வரைவதாக ஏற்பாடு. முதலில் தையல் லைன் ஒன்று. 24 பேர். ஞாயிறு மூன்று மணி.

"ஒரு லைன் நல்லபடியா முடியட்டும் மேடம். மத்த ஏழு லைனும் மாசம் ஒண்ணா அனுப்புறோம். சொதப்புச்சுன்னா டிபன் பாக்ஸ்தான்."

ஏழு லைன் வந்தால் பள்ளிக்குப் போக வேண்டாம். ஜெ. ஒப்புக்கொண்டார், எழுதித் தராத குறை.

வாங்க: வெள்ளைக் கப் 30 (ஆறு உடையும்), பழைய செய்தித்தாள், பாய் 4, பிஸ்கட்.
செய்ய: ஓவன் துடைக்க. பேக்கரிக்காரரிடம் வாங்கிய பழைய ஓவன், இன்னும் கப்பில் பிளம் கேக் வாசனை வருகிறது. குறை நிறை நோட்டில் போன வாரம் ஒருவர் எழுதியது: "பேன் காத்து வரல. கப்பு மோந்து பாத்தா பசிக்குது."

11, வியாழன்

இன்று கண்ணாடித் தகராறு. பெரியாங்குப்பத்து அம்மா ஒருவர், ஜூலையில் கண்ணாடித் தட்டில் மயில் வரைந்துபோனவர், தட்டோடு வந்தார். தட்டில் மயில் இல்லை. மயில் தனியாக, ஒரு காகிதப் பொட்டலத்தில்.

"கழுவுனேன், உரிஞ்சி வந்துட்ச்சி."

"எதால கழுவுனீங்க?"

"தேங்கா நாரு, சாம்பல். சாமிகிட்ட வெக்கிறதை எச்சித் தட்டு மாதிரி சும்மா அலசி வெப்பாங்களா?"

நியாயம்தான். ஈரத்துணியால் துடைக்கவும் என்று சொல்லியிருந்தேன், சத்தியமாய்ச் சொல்லியிருந்தேன். வாக்குவாதம் செய்யவில்லை. புது மயில் வரையப் பெயின்ட் கொடுத்தேன். மயில் வேண்டாம், இந்தத் தடவை யானை, அது கெட்டியாக நிற்கும் என்றார்.

14, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தாயிற்று. கர்த்தர் மன்னிப்பார். மாமியார்தான் சந்தேகம்.

மூன்று மணிக்குக் கம்பெனி பஸ். 24 பெண்கள், தலை நிறைய பூ, ஷாஹினா ஒருத்தி மட்டும் புர்காவில். கூடவே சுலோச்சனா மேடம், லைனின் குவாலிட்டி செக்கர். ஐம்பது வயதிருக்கும். அந்த அம்மா படியேறியதும் பேச்சு நின்றது. பெண்கள் நான் விரித்த பாயில் எட்டெட்டாய், மெஷின் முன்னால் உட்காருகிற மாதிரியே வரிசையாய் உட்கார்ந்தார்கள்.

"உங்களுக்கும் ஒரு கப் இருக்கு மேடம்," என்றேன்.

"நான் செக் பண்றவ. செய்றவ இல்ல."

சொல்லிவிட்டுப் பின்னால் நின்றார். அரை மணியில் பாதிப் பயம் போய்விட்டது. ரோஜா, மீன், "அம்மா", ஒருத்தி சின்னதாய் ஒரு ஷூ. மற்றவர்கள் அவளைக் கிண்டல் செய்தே கொன்றார்கள்: "லீவு நாள்லயும் ஷூவாடி?"

முடித்தவர்கள் கப்பை மேஜையில் வைக்க, சுலோச்சனா மேடம் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையிலிருந்து சில்வர் பேனா. கோடு கோணினால் ஒரு வட்டம். பெயின்ட் வழிந்தால் ஒரு வட்டம். கம்பெனியில் தோலில் பழுது தெரிந்தால் இப்படித்தான் வட்டம் போட்டுத் தள்ளுவார்களாம். கை தானாகப் போகிறது, பாவம். பெண்கள் முகம் சுருங்கிவிட்டது.

"துடைச்சிடட்டுமா மேடம்?"

"எதுக்கு? சூடு காட்டுனா போய்டும். நாங்க டெய்லி ஹீட் கன் காட்றோம், ஒரு மார்க் நிக்காது."

இருபது வருஷ அனுபவம் பேசுகிறது, நான் யார் குறுக்கே பேச? நம்பினேன். ஒரு கப்பில் மட்டும் முதலில் வைத்துப் பார்த்திருக்கலாம். புத்தி வரவில்லை.

15, திங்கள்

காலை முழுக்கக் கரண்ட் இல்லை. இரண்டு மணிக்கு வந்தது. 24 கப்பும் ஒரே ஈடு. முக்கால் மணி நேரம். ஆறவிட்டுத் திறந்தேன்.

ஐயோ.

வட்டம் ஒன்றுகூடப் போகவில்லை. பெயின்டை விடக் கெட்டியாய்ப் பிடித்திருக்கிறது. தோலுக்கு மாயம், பீங்கானுக்குக் கல்வெட்டு. ஸ்பிரிட், நகப் பாலீஷ் ரிமூவர், தேங்காய் நார், சாம்பல். ஒன்றும் நடக்கவில்லை. யானைக்கார அம்மாவிடம் கேட்க வேண்டியதுதான்.

ஏழு லைனும் போயிற்று. அழுதேன். அழுதுகொண்டே பள்ளிக்குச் "சரி" என்று கடிதம் எழுதினேன். தபாலில் போடவில்லை. ஜெ. கேட்டதற்குத் தலைவலி என்று சொன்னேன்.

16, செவ்வாய்

கப் வாங்கிப்போக ஐந்தரைக்குப் பஸ். கப்புகளைச் செய்தித்தாள் போட்டு மூடி, பக்கத்தில் வெள்ளைக் கப்புகளை அடுக்கி, மன்னிப்பை மனப்பாடம் செய்து நின்றேன். சுலோச்சனா மேடம் முதலில் ஏறி வந்தார். காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார். முந்தானையால் ஒரு வட்டத்தைத் தேய்த்தார். மறுபடி தேய்த்தார்.

"ஹீட்டுக்குப் போவுமே," என்றார்.

அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். என் மன்னிப்பு முதல் வரியிலேயே மறந்துபோனது. ஷாஹினாதான் முதலில் ஒரு கப்பை எடுத்தாள்.

"மூணு ரவுண்டு. இது என்னுது."

"எனுக்கு ஒண்ணுதான்டி!"

"ஏய், கலாக்கு ஏழு! ஏழு!"

கலா கப்பைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். சிரிப்பு. வெள்ளைக் கப் இருக்கிறது, திரும்ப வரையலாம் என்று கத்திப் பார்த்தேன். யார் கேட்கிறார்கள்?

"வேணாம் மேடம்," என்றாள் கலா. "ஆறு வருஷமா ரவுண்டு போட்டதெல்லாம் திரும்பி வாங்கிப் பிரிச்சித் தைக்கிறோம். ரவுண்டோட ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறது இதான் மொத தடவ."

சுலோச்சனா மேடம் ஒரு வெள்ளைக் கப்பை எடுத்துப் போய்ப் பாயில் உட்கார்ந்தார். சிவப்பு கேட்டார். செம்பருத்தி வரைந்தார். பூவைவிட இலை பெரிதாய்ப் போய்விட்டது. எல்லாரும் சுற்றி நின்றார்கள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

முடித்ததும் பேனாவை எடுத்து ஷாஹினாவிடம் நீட்டினார். "செக் பண்ணு."

அவள் வாங்கவில்லை. "பண்ணுடி," என்றார். பயந்து பயந்து ஒன்று போட்டாள். அடுத்தவள் ஒன்று. கலா கூசாமல் மூன்று. மொத்தம் பதினொன்று.

"டச்சப் பண்ணித் தரட்டுமா மேடம்?"

"வேணாம் டீச்சர். ஓவன்ல வைங்க."

அப்போது பார்த்துக் கரண்ட் போனது. நாளை ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறாராம். படி இறங்கும்போது கேட்டது: "ஆபீசர்கிட்ட நான் பேசிக்கிறேன். அடுத்த லைனுக்குப் பேனா கொண்டு வரணுமான்னு மட்டும் சொல்லுங்க."

17, புதன்

ஒன்பதரைக்குக் கரண்ட். ஒரே ஒரு கப்புக்காக ஓவன். பத்தேகாலுக்குத் த.ஆ. போனில்.

"என்ன எஸ்தர், பதில் காணோம்?"

"ஓவன் திறக்கிற நேரம் மேடம். அப்புறம் பேசட்டுமா?"

"அப்புறம்னா இடம் இருக்காது."

"பரவால்ல மேடம், வேற ஆளைப் போட்டுக்கோங்க," என்று வைத்துவிட்டேன். கைப்பிடித் துணியைத் தேடி எடுத்துத் திறந்தேன்.

பதினொரு வட்டமும் இருக்கிறது.