யானைக்கு வைத்த விளக்கு

போடிநாயக்கனூர்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகன் சாதிக்குக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம், உன் சுகம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை என்று எனக்கும் தெரியும். உடம்புக்கு எங்கள் யாருக்கும் ஒன்றுமில்லை, அதுவரை எழுதலாம். சுகம் என்ற சொல்லை உன் குரலைக் கேட்கும்வரை எழுதுவதாக இல்லை. போன வாரத்திலிருந்து உன் போன் கிடைக்கவில்லை, மெசேஜ் போட்டால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது, சண்டையால் அங்கே நெட்டை நிறுத்திவிட்டார்கள் என்று டிவியில் சொல்கிறார்கள். அதனால் உங்கள் துறைமுகத்துக்கே திரும்பிப் போகிற ஒரு ஆள் கையில் இந்தக் காகிதத்தைக் கொடுக்கிறேன். அவன் யார் என்று கீழே எழுதுகிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, வரிசையாகப் படி.

உன் அம்மா சிலமலைப் பக்கம் கல்லுக்கு வெடி வைத்தால்கூட அடுப்படியை விட்டு ஓடி வருகிறாள். முப்பது வருஷமாகக் கேட்ட சத்தம்தான், இப்போதுதான் அது அவள் காதில் விழுகிறது. உன் பெண்டாட்டி மிஸ்பா, பிள்ளை மெஹ்ரினைத் தூங்கவைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் பஜாரில் ஒரு அட்லஸ் வாங்கி வந்தேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அட்லஸ் எதற்கு என்று கடைக்காரன் பார்த்தான், வாங்கினேன். உன் ஊர் அதில் இல்லை. கரையோரமாக நானே பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். உன் மாமன் சவுகத் அலி வந்து அதைப் பார்த்துவிட்டு, மச்சான், புள்ளியத் தப்பா வச்சிட்டீங்க, இன்னும் கீழ வரணும், சண்ட அங்கிட்டு, நம்ம பய இங்கிட்டு, பயப்படாதீங்க என்று விரலால் தள்ளிக் காட்டினான். புள்ளியைத் தள்ளி வைத்தால் குண்டும் தள்ளி விழுமா என்று கேட்டேன், முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போகட்டும். உள்ளூரில் நம் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்திருந்த உன்னைக் கடல் கரைக்குக் கொண்டுபோய் மளிகைக் கடை வைத்துக் கொடுத்தவன் அவன். நான் அன்றைக்கே வேண்டாம் என்றேன், அம்மாவும் நீயும் அவனும் ஒரு பக்கம், நான் ஒருத்தன் ஒரு பக்கம். இதை இன்றைக்கு ஏன் சொல்கிறாய் என்பாய். இன்றைக்குச் சொல்லாமல் எப்போது சொல்வது?

ஏலக்காய் ஏலத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். கொச்சியில் கப்பல் ஏற வேண்டிய காய் ஏறாமல் கிடக்கிறது, இங்கே விலை இறங்கிக் கிடக்கிறது, எல்லோருக்கும் சண்டை என்றால் அதுதான். போன புதன்கிழமை சாம்பிள் காயைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், நம் பக்கத்துக் கடைத் திருப்பதி எல்லோர் முன்னாலும், என்ன பாய், ஒங்க மகன் தொறமொகத்துலதான இருக்காப்ல, கப்பல எப்ப விடுவாய்ங்கன்னு கேட்டுச் சொல்லுங்க, ஒரு லோடு இருக்குல்ல என்று சத்தமாகக் கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்டவன் இல்லை அவன், நோன்புக் கஞ்சிக்கு வருஷா வருஷம் அரிசி கொடுக்கிறவன். ஆனால் நான் கையிலிருந்த காயைக் கீழே கொட்டிவிட்டேன். பொறுக்காமலே வந்துவிட்டேன். இனி அந்தப் படியை மிதிப்பதாக இல்லை, கப்பல் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி.

நேற்று மத்தியானம் கடையைச் சாத்தப் போகும்போது ஒரு பையன் பையோடு வந்து நின்றான். கறுத்த, ஒல்லியான ஆள், தூத்துக்குடிப் பக்கம், பெயர் சுடலை. உனக்குத் தெரிந்தவன்தான், உன் கடையில் மீன்படகுக்குச் சாமான் வாங்குகிறவன், துறைமுகத்தில் குண்டு விழுந்து சில நாள் கழித்து தங்கச்சி கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவன். கல்யாணம் முடிந்துவிட்டது, கொச்சிக்குப் போய் விமானம் ஏறப் போகிறான், போகிற வழியில் நீ கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழத்தைக் கொடுக்க இறங்கியிருக்கிறான். ஏனப்பா அந்த நெருப்புக்குள் திரும்பிப் போகிறாய் என்று கேட்டேன். தம்பி படகுல கெடக்கான் அய்யா, அவன விட்டுட்டு இங்க இருந்து எப்படிச் சோறு திங்க என்றான். தம்பி பெயர் சின்ராசு என்றும் சொன்னான்.

அவனிடம் உட்கார்ந்து எல்லாம் கேட்டேன், நீ சொல்லாததையும் சேர்த்து. மீன் இறங்குகிற தளத்தில் விடியும் முன்பே ஏலம் கூவுவார்களாமே, நெய்மீனுக்கு ஒரு கூட்டம், சூரைக்கு ஒரு கூட்டம், ஏலம் எடுத்தவன் அப்படியே உன் கடைக்கு வந்து நம் ஏலக்காய் போட்ட டீயைக் குடித்துவிட்டுத்தான் லாரி ஏற்றுவானாமே. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தளத்தின் சுவர் அடிபட்ட பிறகு பட்டாளம் வாசலைப் பூட்டிவிட்டது, படகுகளை உள்ளே விடுவதில்லை, எல்லாம் ஒரு பாறைத் தீவுக்குப் பின்னால் நங்கூரம் போட்டுக் கிடக்கின்றன, கரண்ட் இல்லாமல் ஐஸ் கம்பெனி நின்றுவிட்டது, மீன் ஏலம் இப்போது வெறும் மணலில் நடக்கிறது என்றான். நீ ஒரு சின்னப் படகில் அரிசியும் வெங்காயமும் குடிதண்ணீரும் கொண்டுபோய் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் பிடித்த மீனை ஏற்றிக் கரைக்குக் கொண்டு வருகிறாய் என்பதையும் அவன்தான் முழுதாகச் சொன்னான். என்னிடம் நீ, படகுக்காரங்களுக்குச் சாமான் குடுக்கேன் அத்தா என்று மட்டும் சொன்னாய். கடையில் நின்று கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெட் போவதற்கு முன் கடைசியாக நீ அனுப்பிய குரல் மெசேஜில்தான் கடலுக்குள் போவதையே சொன்னாய். இருட்டோடு போய் மீனை வெயிலுக்கு முன் கொண்டு வர வேண்டியிருக்கு அத்தா, பயப்படாதீங்க, நம்ம தேவாரம் தோப்புக்குப் போற மாதிரிதான் போறேன், பெரிய லைட்டப் போட்டு, பாட்ட வச்சுக்கிட்டு, வர்றது யாருன்னு ரெண்டு பக்கத்துக்காரனுக்கும் தெரிஞ்சுரும்ல என்று சொல்லியிருந்தாய். நானும் அதைக் கேட்டுவிட்டு, இவனுக்கு மூளை இருக்கிறது என்று நினைத்தேன். தேவாரத்தில் குத்தகைத் தோப்பைப் பார்த்த நாளில் யானை நடமாடுகிற வழியில் நாம் அப்படித்தான் போவோம், லாந்தரை ஏற்றிக்கொண்டு, தகரத்தைத் தட்டிக்கொண்டு, உரக்கப் பேசிக்கொண்டு. காவல்காரன் மொக்கையன் சொல்வான், ஆன கிட்டத் திருட்டுத்தனமாப் போகக்கூடாது அப்பு, வர்றேன்டா சாமின்னு சொல்லிட்டுப் போகணும், அதுவா வெலகிரும் என்று. விலகித்தான் போனது. அந்த மெசேஜை நான் வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன்.

நேற்று சுடலைக்கும் போட்டுக் காட்டினேன். அவன் பாதி டீயைக் கீழே வைத்துவிட்டான். லைட்டா, லைட்டு போட்டுட்டா போறாரு, நான் இருக்கம்போது பகல்லதான வந்துட்டு இருந்தாரு என்றான். நாங்க ராத்திரி பீடி பத்த வைக்கது கூடக் கெடயாது அய்யா என்றான். பிறகு சொன்னான். உங்கள் ஊரிலிருந்து கரையோரமாக வெகுதூரம் தள்ளி வேறொரு ஊரில், கணவாய் மீன் பிடிக்கிற படகு ஒன்று விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் அடிபட்டதாம். கணவாய்க்கு வெளிச்சம் காட்டினால்தான் மேலே வரும், அந்தப் படகுகளில் விளக்கு இருப்பது தொழில், அவர்களும் பல நாள் எரியவிட்டுத்தான் பிடித்திருக்கிறார்கள். ஒரு நாள் மேலே ஆளில்லாமல் பறக்கிற அது வந்து அடித்துவிட்டது. அந்தப் படகிலிருந்து பிழைத்து வந்தவன் விமானத்தில் சுடலைக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தானாம். அது பாக்கது வெளிச்சத்தத்தான் அய்யா, ஆள எங்க பாக்கு என்றான்.

மகனே, யானை விஷயத்தில் நாம் செய்தது இன்றைக்கும் சரிதான், அதை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. யானைக்கு நம்மை விட்டு விலகிப் போக ஒரு மனசு இருக்கிறது. பறக்கிற அதற்கு மனசு இல்லை, அதை ஓட்டுகிறவன் எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு உன் பாட்டுக் கேட்காது, நீ அரிசி மூட்டை கொண்டு போவது தெரியாது, வெளிச்சம் ஒன்றுதான் தெரியும். காட்டுக்குள் பிறந்து வளர்ந்தவன் கடலில் காட்டுப் புத்தியோடு போனால் இப்படித்தான். அங்கே இருப்பவர்களே இந்நேரம் சாதிக் பாய்க்குச் சொல்லியிருப்பார்கள் என்று சுடலை எனக்குத் தைரியம் சொல்கிறான். சொல்லியிருப்பார்கள். நீ கேட்டிருக்க வேண்டுமே. நீ என் மகன், அதுதான் என் பயம்.

ஆகையால் எழுதுகிறேன், போகாதே. விளக்கோடும் போகாதே, விளக்கில்லாமலும் போகாதே. விளக்கில்லாமல் போனால் பாறையில் மோதுவாய், உனக்கு நீச்சல் கொட்டகுடி ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் அடித்ததுதான். கடையைப் பூட்டு, சாவியை யாரிடமாவது கொடு, கிடைக்கிற வண்டியில் ஏறி வெரசா வந்து சேர். மீன் கெட்டுப்போகும் என்று சொல்லாதே. பச்சை ஏலக்காய் பறித்த அன்றைக்கே உலர்த்துகிற ஸ்டோருக்குப் போகாவிட்டால் நிறம் போய்விடும் என்று தெரிந்தவன் நான், மீனுக்கும் அப்படித்தான் என்று எனக்குப் புரியாமல் இல்லை. கெட்டால் கெடட்டும், உப்புப் போட்டுக் காயவைக்கட்டும். படகுக்காரர்களுக்கு ஒரு முதலாளி இருக்கிறான் அல்லவா, அவன் பார்க்கட்டும்.

இதுவரை எழுதி, சரியாக எழுதியிருக்கிறேனா என்று, இராத்திரி இங்கேயே தங்கிய சுடலைக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, நல்லா எழுதிருக்கீய அய்யா, அவர வரச் சொல்லுங்க, அவருக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு, முதலாளி போன் எடுத்தே ரொம்ப நாளாச்சி, நாங்க தண்ணிக்கு என்னமும் பாத்துக்கிடுதோம் என்றான். நான் எதுவும் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். குற்றம் சொல்கிற மாதிரியும் இல்லை, மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னான். எழுந்து வெளியே போய் நின்றேன். கடலுக்கு நடுவில் கிடப்பவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. சுற்றிலும் தண்ணீர்தானே என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேலே போகாதே என்று எழுதியதை நான் அடிக்கவில்லை. அது அப்படியே இருக்கிறது, அதுதான் என் பேச்சு. ஆனாலும் நீ கேட்க மாட்டாய் என்று தெரிந்து, சுடலை சொன்னதையும் எழுதி வைக்கிறேன். பொழுது நன்றாக ஏறிய பிறகு போ. தனியாகப் போகாதே, மற்றப் படகுகளோடு கூட்டமாகப் போ. படகில் மூடுதுணி எதுவும் போடாதே, சாமான் வெளியே தெரியட்டும், தண்ணீர்க் கேன் என்று பார்த்தவுடன் தெரியட்டும். முதலில் தண்ணீரைக் கொடு, பிறகு அரிசியைக் கொடு, மீனை வாங்காதே, காத்திருக்காதே, திரும்பி வா. சுடலை வந்து சேர்ந்ததும் படகை அவன் கையில் கொடு. அவன் ஓட்டிப் போகிறேன் என்று எனக்குக் கையடித்துச் சொல்லியிருக்கிறான். அவன் இன்றைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். என் பேச்சைத்தான் கேட்டதில்லை, அவன் பேச்சையாவது கேள். அவர்களுக்கு வேறு வழி ஏற்பட்ட அன்றைக்கே நீ கிளம்பிவிட வேண்டும், சின்ராசு வருவதாக இருந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு வா.

அல்லாஹ் உன்னைக் கரையிலும் தண்ணீரிலும் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளட்டும். ஐந்து வேளையும் உனக்காகக் கேட்கிறேன், ஆறாவது வேளை இருந்தால் அதிலும் கேட்பேன். வயிற்றைக் காயப்போடாதே. சவுகத் அலியிடம் நான் கோபமாக இருக்கிறேன் என்று நீ அவனுக்குச் சமாதானம் எழுத வேண்டாம், அது எங்களுக்குள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தா
ராஜா முகம்மது

ஒன்றை மறந்துவிடாதே. நேற்று சுடலையை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டோம். வாசலிலேயே, விளக்கைப் பற்றி வாயைத் திறக்காதே என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். மிஸ்பா குழம்பை ஊற்றிக்கொண்டே, அவுக பெரிய லைட்டு போட்டுத்தாண்ணே போவாக, அத்தா சொல்லிருக்காக, அதனால எங்களுக்குப் பயம் இல்ல என்று அவனிடம் சொன்னாள். உன் அம்மாவும் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டான். இரண்டு பேரும் அந்தத் தைரியத்தில்தான் இராத்திரி தூங்குகிறார்கள். அந்த விளக்குதான் ஆபத்து என்று நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. போன் கிடைத்தால் முதலில் எனக்குப் போடு.