வைகை மணலில் நீ என்ன சொன்னாய்?

என் அருமை அம்மாவுக்கு,

படம் முடிந்துவிட்டது. நேற்று நம் சோழவந்தான் டூரிங் டாக்கீஸில் முதல் ஆட்டமாக ஓட்டினோம். தாய் வேஷத்துக்கு ஆள் கிடைக்காமல், கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேனே, அந்தப் படம்தான்.

எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்த கேமராவில் சத்தம் பதியாது. வசனத்தை அப்புறம் மெட்ராசில் பேசிச் சேர்க்க வேண்டும் என்றதும் நீ சிரித்த சிரிப்பு! "வெயில்ல ஒருக்கா பேசணும், மெட்ராசுல ஒருக்கா பேசணுமா? எம்புட்டு வேலடா இது!" போவதற்கென்று புதுச் சேலைகூட எடுத்து வைத்தாய். அதற்குள் என்னம்மா அவசரம்? காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

உன் வசனத்தையெல்லாம் அக்காதான் பேசினாள். உன் குரல்தான் அவளுக்கு. வாசலில் நின்று கூப்பிட்டால் இன்றைக்கும் அப்பா ஏமாந்துபோகிறார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவள் பேசவில்லை.

நீ ஆற்று மணலில் நடந்து போகிற காட்சி அது. கேமரா கரையில் இருந்தது. பாதி வழியில் திரும்பி, நான் எழுதிக் கொடுக்காத எதையோ சொன்னாய். லென்ஸில் உன் முகம் கிட்டத்தில் தெரிந்தது. குரல் காற்றோடு போய்விட்டது. டப்பிங்கில் நீதானே பேசப்போகிறாய் என்று நானும் கேட்டு வைக்கவில்லை. என்னம்மா சொன்னாய்? கால் சுடுகிறது என்றாயா? என்னைத் திட்டினாயா?

உதட்டுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு வசனம் எழுதி நீட்டினேன். அக்கா கையில் வாங்கவே இல்லை.

"இம்புட்டு நேரம் பேசுனது சினிமா. இது அம்மா ஒன்னயப் பாத்துச் சொன்னதுடா. நான் எப்படிச் சொல்லுவேன்?"

படத்தை வாங்க வந்தவருக்கு எல்லாம் பிடித்திருந்தது. அந்த இடத்தில் யாரையாவது பேசவைத்துக் கொண்டுவந்தால் மதுரை முழுக்க ஓட்டித் தருகிறேன் என்றார். இல்லாவிட்டால் வேண்டாமாம். மூன்று வருஷம் நாய் படாத பாடு பட்டு எடுத்த படம், அம்மா.

நேற்று அந்த இடம் வந்ததும் கொட்டகையே விசிலடித்தது. "யோவ் ஆப்பரேட்டரு, சவுண்டு வைய்யா!" வேண்டுமென்றே சத்தமில்லாமல் விட்டவன் நான். ஆனால் என்னை அறியாமல் நானும் எழுந்து நின்று, சவுண்டு சவுண்டு என்று அவர்களோடு கத்தினேன். அக்கா கையைப் பிடித்து உட்காரவைக்கும்வரை கத்தினேன்.

அவர் வாங்காவிட்டால் போகட்டும். அந்த இடத்தில் வேறு யாரையும் பேசவிட மாட்டேன். அது உனக்குத்தான்.

இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கும்
உன் கடைக்குட்டி