யார் சாரி சொல்லணும்

ஜூன் 3
குழந்தைகள் காப்பகத்து மிஸ் இன்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். "உங்க பொண்ணு எல்லாரையும் அடிக்கிறா. ஒரு சாரிகூட வாயில வரல. இந்த மாசத்துக்குள்ள பழக்குங்க, இல்லன்னா வேற இடம் பாத்துக்கோங்க." மூன்று வயது நிரம்பாதவள் மேல் இத்தனை பெரிய குற்றப்பத்திரிகை.

வீட்டில் அவள் அப்பாவிடம் சொன்னேன். "வேலைய விட்டுட்டு நீ வீட்ல இருந்தா எல்லாம் சரியாயிடும்" என்றார். எப்போது சாக்கு கிடைக்கும் என்று காத்திருந்தவர்தானே. மருந்துக்கடையில் பில் போடுவது பெரிய உத்தியோகம் இல்லைதான். ஆனால் அங்கே பகல் முழுக்க என்னை யாரும் அதட்டுவதில்லை. அதை விட மாட்டேன்.

ஜூன் 5
பொம்மைக் கரடியை வைத்துப் பாடம். குட்டிம்மா அதை ஓங்கி ஓர் அறை விட்டாள். இப்ப என்ன சொல்லணும் என்று கேட்டேன். கரடியின் காதைத் திருகி, "சாரி சொல்லு" என்றாள்.

"அடிச்சது நீதானேடி?"

"கரடிதான் சொல்லணும்."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஜூன் 9
இன்றும் கரடிதான் சொல்ல வேண்டுமாம். செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஜூன் 12
காலையில் அவர் சட்டையில் டீயைக் கொட்டிக்கொண்டார். அவரேதான். "கப்ப இப்படியா வைப்ப?" என்று கத்தினார். நான் சாரி சொல்லித் துடைத்துவிட்டேன். வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் சண்டை எதற்கு?

குட்டிம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போதுதான் உறைத்தது. ஐயோ — இவ எங்க கத்துக்கிட்டான்னு ஊரெல்லாம் தேடினேனே.

ஜூன் 13
"அவ முன்னாடி ஒரே ஒரு தடவ எங்கிட்ட சாரி சொல்லுங்க. பாடத்துக்காகத்தான்" என்று கேட்டேன்.

"நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 18
இனி நான் செய்யாத தப்புக்கு சாரி சொல்வதில்லை என்று நேற்று முடிவெடுத்தேன். இன்று சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை. வேற என்ன பண்றது? கதவ அந்த அறை அறையுறாரு, புள்ள நடுங்குது. சொல்லிட்டேன்.

ஜூன் 26
மிஸ் முகமெல்லாம் சிரிப்பு. "இப்ப யாரையும் அடிக்கிறதே இல்ல. இன்னிக்கு ஒரு பெரிய பொண்ணு இவளத் தள்ளிவிட்டா. இவ எழுந்து போய் அவகிட்ட சாரி கேட்டா. நாங்க எல்லாரும் கைதட்டினோம். இனி கவலைப்படாதீங்க, இடம் உண்டு."

நன்றி மிஸ் என்றேன். குழந்தையின் முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

வழியெல்லாம் தூக்கிக்கொண்டே வந்தேன். "தள்ளினது அவதானே. நீ ஏன்டா கண்ணு சொன்ன?"

"சொன்னா கத்த மாட்டாங்க."

ஜூன் 27
எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 2
வேலைக்குப் போய் வந்தேன். இருட்டும் நேரத்தில் அவர் வந்தார். கதவைத் திறக்கத் தாமதமானதால் வெளியே நின்று உதைத்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து திறந்ததும், குட்டிம்மா எனக்கு முன்னால் போய் நின்றாள். "சாரிப்பா."

அவர் அவளைத் தூக்கிக் கொஞ்சினார். "பாத்தியா, என் பொண்ணுக்கு எவ்வளவு மரியாதை தெரியுதுன்னு."

ஆமாம் என்றேன்.