காந்தமானியின் முதல் துள்ளல்

சந்தலார் ஆற்றங்கரை, அலாஸ்கா
மார்ச் 9

அன்பு மகள் லெனோராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் குளிரோடு சண்டை பிடிக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் சுகமென்று நம்புகிறேன். கரிபூ மான் உப்புக்கண்டம் அனுப்பியிருக்கிறோம், மாப்பிள்ளை கண்ணில் படாமல் வை, போன தடவை முழுசையும் அவரே தின்று தீர்த்தாராமே.

துருவ ஒளிக்குள் உன் ராக்கெட் போனதை நீ கணினியில் பார்த்தாய், நான் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன்னால் நடந்ததை யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். காட்டுக்குள் பூமியின் காந்தத்தை அளந்துகொண்டிருக்கும் காந்தமானிப் பெட்டிக்குப் பதினோரு வருஷமாக நான்தான் காவல், பனிவண்டியைப் பக்கத்தில் கொண்டுவராதே, இரும்பு வந்தால் அது பொய் சொல்லும் என்று ஊரையே திட்டுகிறவனும் நான்தான். அன்றைக்கு ராக்கெட் ஏவக் கடைசி இரவு, தவறினால் அடுத்த வருஷம், உன் மூன்று வருஷப் பாடு. பெட்டியைப் பனி மூடிவிட்டதோ என்று பதறி, புத்திகெட்டுப் போய், வண்டியை அதன் ஓரத்திலேயே நிறுத்திவிட்டேன். ஏவுதளத்துத் திரையில் அதன் கோடு துள்ளியிருக்கிறது. அங்கே மேகமாம், அதனால் பெட்டியை நம்பி, மேலே மின்னோட்டம் பெருகிவிட்டது, ஒளி வந்துவிட்டது என்று ராக்கெட்டை விடப் பத்து, ஒன்பது என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். போனில் கேட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறேன், வானத்தில் வெளிறிய ஒளிக்கீற்று ஒன்றுதான். ஐயோ, நிறுத்துங்க, அது வானமில்ல, என் வண்டி என்று கத்தினேன். ஏவுதளத் தலைவி பிரெண்டா எண்ணுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, சரி பெரியவரே, வண்டிய எடுங்க, இன்னும் அரைமணி பார்க்கலாம் என்றாள். பக்கத்து வீட்டு எட்வின், ஊருக்கெல்லாம் உபதேசம், உன் வண்டி மட்டும் மரத்துல செஞ்சதாக்கும் என்று இன்னும் சிரிக்கிறான்.

அந்த அரைமணியில் நான் செத்துப் பிழைத்தேன். அப்புறம் வந்தது பார், அம்மாடி! பச்சையும் சிவப்புமாக வானம் முழுக்க. எலக்ட்ரான்கள் சூரியனிலிருந்து நேராக வந்து விழுவதில்லை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்புலம் அவற்றைப் பிடித்துக் கீழே விரட்டுகிறது, அவை காற்றில் மோதித்தான் வெளிச்சம் என்றாயே, அறுபது வருஷம் இதன் கீழே வாழ்ந்த எனக்கு ஒருநாளும் அது தோன்றியதில்லை. வந்துடுச்சு, விடுங்க விடுங்க என்று அலறினேன். ராக்கெட்டில் நீ செய்து வைத்த கருவி அந்த விரட்டலுக்குள்ளேயே புகுந்து போயிற்று. நான் அழுதேன் மகளே, கண்ணீர் இமையிலேயே உறைந்துவிட்டது.

குழந்தைக்கு எங்கள் முத்தம். ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அன்றைய காந்தமானிக் கோட்டில் இரண்டு துள்ளல் இருக்கும். இரண்டாவது வானத்துடையது, அதை உலகத்துக்குச் சொல். முதலாவதுக்கு விளக்கம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதே, அது உன் அப்பன்.

இப்படிக்கு,
வண்டியை இப்போது தூரத்தில் நிறுத்தும்
அப்பா ஐசக்