பென்சிலின் ஆகாத கை

இன்று காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு குழந்தைக்கு அமொக்சிசிலின் என்ற பென்சிலின் சாதிப் பாணி மருந்து கரைக்க வேண்டியிருந்தது. போத்தலைத் தட்டித் தூளை இளக்கி மூடியைத் திருகித் திறந்தேன். வந்துவிட்டது அந்த வாசம்! மேலே ஆரஞ்சு மிட்டாய், அடியில் பூஞ்சணம் பிடித்த ரொட்டி. உடனே என் காதில் உன் குரல். "மூடுடி அதை! என்னையக் கொல்லப் பாக்குறியா?" நான் நிஜமாகவே மூடிவிட்டேன். எதிரே நின்ற குழந்தையின் அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வட்டவளைப் பக்கத்து மனிதர் அவர். அதன்பிறகு அவர் ஒன்று சொன்னார், பார். அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் நீ எந்தக் கதையையும் வாலில் பிடித்து இழுக்கிறவள். இந்த ஒரு தடவையாவது பொறு, முறையாகச் சொல்கிறேன்.

நாம் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த காம்பிரா வீட்டில் வளர்ந்தோம். கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தோம். பிறகு நீ கொழுந்து பறிக்க மலைக்குப் போனாய், நான் மருந்துக் கலவை படித்து அட்டன் பாமசியில் மருந்து கொடுக்கப் போனேன். ஆனால் நம் இருவரில் டாக்டர் என்று பெயர் வாங்கியது நீதான்!

மழை பிடித்துவிட்டால் மலையில் அட்டைக்குத் திருவிழா. கடித்த இடத்தில் இரத்தம் லேசில் நிற்காது. அதற்கு உங்களிடம் ஒரு வைத்தியம் இருந்தது. இரண்டு நிறக் கூடு போட்ட அமொக்சிசிலின் குளிசையைப் பிரித்து, உள்ளே இருக்கும் தூளைக் கடிவாயில் கொட்டி, 'பூ' என்று ஊதிவிடுவது. யாருக்கோ காய்ச்சலுக்குக் கொடுத்து மிஞ்சிய குளிசை எந்த வீட்டிலும் ஒன்றிரண்டு கிடக்கும். அதை வெற்றிலையோடு சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு நீ மலைக்குப் போவாய். யாரை அட்டை கடித்தாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். வேலை வாங்குகிற கங்காணியே காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு உன் முன்னால் காலை நீட்டுவார். "ஆடாம நில்லுங்க" என்று அவரை அதட்டுகிற சுகத்துக்காகவே நீ அந்த வேலையை விடவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு உன் விரலிடுக்கில் அரிப்பு வந்தது. காலையில் எழுந்தால் கண்ணிமை வீங்கியிருந்தது. தூளை ஊதும்போதெல்லாம் அடுக்கடுக்காகத் தும்மினாய். புல்லுக்கு அடிக்கிற மருந்துதான் காரணம் என்றாய் நீ. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று உன் வீட்டுக்காரர் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். அதற்கும் தும்மினாய். நான் ஓடிவந்து, "அந்தக் குளிசைத் தூள்தான்டி, விட்டுத் தொலை" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "குளிசை விக்கிறவளே குளிசையத் திட்டுறா பாருங்கடி!"

தீபாவளிக்கு முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? சேலை எடுக்க அட்டனுக்கு பஸ் ஏறினோம். உனக்குப் பல்வலி. பையில் இருந்த குளிசை ஒன்றைப் பிளேன்டீயோடு விழுங்கிவிட்டு வந்திருந்தாய். என்னிடம் சொல்லவில்லை. வாய் ஓயாமல் சேலைக் கரையைப் பற்றிப் பேசிக்கொண்டே உள்ளங்கையைச் சொறிந்தாய். கழுத்தில் தடிப்புத் தடிப்பாகச் சிவந்தது. உதடு ஊதியது. அப்புறம் பேச்சு நின்றது. உன்னை அறிந்த நாளிலிருந்து நீ பாதிப் பேச்சில் நிறுத்தியதை அன்றுதான் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உயிர் போனது.

"என்னடி தின்ன?" என்று உலுக்கினேன். நீ பையைத் திறந்து காட்டினாய். மூச்சு விசில் அடித்தது. தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கண்டக்டரிடம் பாதிச் சிங்களத்தில் எழுந்து நின்று கத்தினேன். "மல்லி! ஹொஸ்பிட்டல் யமு! எங்கயும் நிறுத்தாத!" அந்தச் சிங்களக் கண்டக்டர் பையன் ஒரு கேள்வி கேட்கவில்லை. பஸ்ஸின் தகட்டில் படபடவென்று அடித்தான். டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கை காட்டிய யாரையும் ஏற்றாமல், இறங்க வேண்டியவர்களும் வாய் திறக்காமல், பஸ் முழுக்க உனக்காக ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனது. அங்கே தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உன் நெஞ்சின் இளைப்பு இறங்கியது. நீ கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "சீலை எடுக்கலையாடி?" நான் அழுதுகொண்டே உன்னை அடித்தேன். நர்ஸ் என்னைத்தான் வெளியே துரத்தினார்.

அந்தக் குளிசை பென்சிலின் சாதி, இனி உன் ஆயுளுக்கும் அந்தச் சாதியில் எதுவும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். "நான் தின்னது ஒண்ணே ஒண்ணுடி, அதுக்கா இவ்வளவு?" என்று என்னிடம் கேட்டாய். தின்றது ஒன்று, ஊதியது எத்தனையோ என்றேன். அந்தத் தூள் தோலிலும் மூக்கிலும் திரும்பத் திரும்பப் பட்டால் சிலருடைய உடம்பு அதைப் பகையாக நினைத்துவிடும். பிறகு கொஞ்சம் உள்ளே போனாலும் போர்தான். அதனால்தான் மருந்துத் தொழிற்சாலைகளில் பென்சிலினுக்குத் தனிக் கட்டடம், தனிக் காற்று. முகமூடியும் கையுறையும் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். தூள் சிந்தினால் கூட்டக்கூடாது, ஊதக்கூடாது, ஈரத்துணியால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டதும் நீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாய்.

"அவனுங்க மொகத்த மூடிக்கிட்டுத் தொடுறத, நான் வெறுங்கையில கொட்டி வாயால ஊதினேனாடி!"

உன் கண்ணில் பயத்தைத் தேடினேன். இல்லவே இல்லை. பெரிய துப்புக் கிடைத்த போலீஸ்காரன் முகம்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் சுருக்குப் பையை உதறிக் காட்டினாயாம். "அட்டை கடிச்சா சவுக்காரம் போட்டுக் கழுவுங்க, துணிய வச்சு அழுத்திப் புடிங்க. குளிசைய ஒடைக்கிறவ கைய நான் ஒடைப்பேன்!" கங்காணிக்குத்தான் வருத்தம். அவர் காலை அதட்ட ஆளில்லாமல் போனது.

அதோடு விட்டாயா? கோயில் திருவிழாவில் பச்சை குத்துகிறவன் வந்ததும் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாய். "புருசன் பேரா அக்கா?" என்று கேட்டான் அவன். "அவரு பேர மறந்தா சண்டை வரும், அவ்வளவுதான். இத மறந்தா உசுரு போயிரும். எழுதுப்பா, பென்சிலின் ஆகாது." தமிழில் மட்டும் போதாது, ஆஸ்பத்திரியில் சிங்கள நர்ஸும் படிக்க வேண்டும் என்று அதற்கும் ஏற்பாட்டோடு வந்திருந்தாய். அதே கண்டக்டர் மல்லியிடம் பஸ் டிக்கட்டின் பின்புறத்தில் சிங்களத்தில் எழுதி வாங்கியிருந்தாய். மணிக்கட்டில் ஊசி குத்தக் குத்த நீ சிரித்தாய், நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஊரே சிரித்தது. "நடமாடும் பாமசி போகுது" என்றார்கள். பிறகு தேயிலைச் செடி வெட்டுகிற ஒரு கவாத்துக் காலத்தில் மலைக் கான் வாய்க்காலில் வழுக்கி விழுந்து, தலை அடிபட்டு, நினைவில்லாமல் கிடந்த உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட வந்தவர்களுக்குப் பதற்றத்தில் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. காயத்துக்குப் பென்சிலின் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு வந்த நர்ஸ், நரம்பு தேட உன் வளையல்களை மேலே தள்ளியிருக்கிறார். கீழே எழுத்து! ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாராம். நான் வந்து பார்த்தபோது தலையில் பெரிய கட்டோடு கையை எனக்கு முன்னால் ஆட்டினாய். "பாத்தியா புள்ள? நான் வாயில்லாம கெடந்தேன், என் கை பேசிருச்சு!" அந்த வார்ட்டில் அன்று எல்லா நோயாளிகளுக்கும் உன் கையைக் காட்டி, குளிசைத் தூள் கதையையும் சொன்னாய். வேண்டாம் என்றவர்களுக்கும் காட்டினாய்.

அதற்குப் பிறகும் நிறைய வருடங்கள் கிடைத்தன நமக்கு. போன வருடம் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது. அதற்கு எந்த எழுத்தும் உதவவில்லை. குளிப்பாட்டும்போது உன் கையை நான்தான் பிடித்திருந்தேன். பச்சை மங்கவே இல்லை. அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன். நீ இல்லாதது எனக்கு இன்னும் பழகவில்லை. குளிசை எண்ணுகிற தட்டை ஈரத்துணியால் துடைக்கும்போதெல்லாம் பக்கத்தில் நீ நின்று மூக்கைப் பொத்துகிற மாதிரியே இருக்கிறது.

சரி, இன்று காலைக் கதைக்கு வருகிறேன். மருந்துத் தூளில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டல்லவா? வழக்கம்போல அதைக் கேட்க நிமிர்ந்தேன். அந்த மனிதர் முந்திக்கொண்டார்.

"மிஸ், பென்சிலின் ஆகுமான்னு மொதல்ல கேளுங்க. கேக்காம குடுத்தா வாங்கக்கூடாதுன்னு எங்க தோட்டத்துல சொல்லுவாங்க."

போத்தலைக் கீழே வைத்துவிட்டேன். உன் தோட்டம் எங்கே, வட்டவளை எங்கே! "யாருங்க சொன்னது?" என்று கேட்டேன்.

"யாருன்னு தெரியல மிஸ். ஆஸ்பத்திரில எங்கம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தங்க இருந்தாங்களாம். கையில எழுதி வச்சிருந்தாங்களாம். எங்கம்மா வந்து லயம் முழுக்கச் சொன்னாங்க. இப்ப எங்க பக்கம் யாரும் குளிசைய ஒடைச்சுப் புண்ணுல போடுறதில்ல."

வேண்டாம் என்றவர்களுக்கும் காட்டினாயே, அவர்களில் ஒருத்தி!

குழந்தை முன்பு இந்த மருந்தைக் குடித்திருக்கிறதா, தடிப்போ இளைப்போ வந்ததா என்று எல்லாம் கேட்டேன். ஒன்றும் இல்லை. பாணியைக் கரைத்துக் குலுக்கிக் கொடுத்தேன். மேசையை ஒற்றித் துடைத்து, சவுக்காரம் போட்டுக் கை கழுவினேன். வாசல் வரை போன மனிதர் திரும்பிப் பார்த்தார்.

"அந்த அம்மாவ உங்களுக்குத் தெரியுமா மிஸ்? இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றேன்.

அதற்குள் நோர்வூட் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் டாக்டர் எழுதிய மருந்துத் துண்டை நீட்டினார். நான் அவரிடம் உன் குரலிலேயே, பஸ் நிலையம் வரை கேட்கும்படி கேட்டேன். "ஐயா, உங்களுக்கு பென்சிலின் ஆகுமா?"