மூன்று வெற்றுக் கட்டங்கள்

கியோத்தோ
ஷோவா 35 (1960), ஏப்ரல் 12

குசாக்கா ரியோஹெய் அவர்களுக்கு,

செர்ரிப் பூ உதிர்ந்தது பற்றியும் தங்கள் உடல்நலம் பற்றியும் வழக்கப்படி எழுத வேண்டிய முதல் பத்தியை விட்டுவிடுகிறேன். சென்ற நவம்பரில் என் மனைவி மினே காலமானபோது தாங்கள் ஸுஷி நகரிலிருந்து வந்து ஊதுவத்தி ஏற்றிச் சென்றீர்கள். அதற்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

‘ஏழாம் காவற்கோபுரம்’ நாவலை இரண்டு முறை படித்தேன். சீனாவின் ஹான் அரசர் காலத்து மேற்கு எல்லையில் ஒரு கோபுரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், எதிரியைக் கண்டால் புகை மூட்டும் முறை, வீரன் ஒருவனுக்கு மாதத்துக்கு அளந்த தினை ஆகிய எல்லாம் என் குறிப்புகளிலிருந்து பிழையின்றி எடுக்கப்பட்டிருக்கின்றன. ‘அவ்வாண்டு பனி மிகுதி’ என்று அரச வரலாற்றில் இருக்கும் ஒரே வரியைக் கொண்டு நாற்பது பக்கம் பனி பெய்ய வைத்திருக்கிறீர்கள். அது உங்கள் தொழில். அதில் எனக்குக் குறை இல்லை.

என் குறை பதினோராம் அத்தியாயத்தைப் பற்றியது. காவல் வீரனுக்கு அவன் மனைவி எழுதிய கடிதம், பாலைவன மணலில் கிடைத்த ஒரு மரத்தகட்டில் உண்மையாகவே இருக்கிறது. அதைப் படித்து வெளியிட்டவன் நான். அதில் இருப்பது இவ்வளவுதான்: ‘குளிர்காலச் சட்டையை வண்டியில் அனுப்பியிருக்கிறேன். குழந்தை □ □ □. கவலை வேண்டாம்.’ மூன்று எழுத்துகள் இருந்த இடம் கருகிவிட்டது. படிக்க முடியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வெற்றுக் கட்டம் போடுவது எங்கள் வழக்கம். ஊகித்து நிரப்பக் கூடாது என்பது என் வகுப்பில் முதல் நாள் பாடம்.

உங்கள் நாவலிலோ, ‘குழந்தை தானே நடக்கிறாள்’ என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் வீரன் காவலைக் கைவிட்டு வீட்டை நோக்கி நடந்து பனியில் சாகிறான். நாடே அழுகிறதாம். பின்னுரையில், ‘இக்கடிதத்தில் ஒரு சொல்லும் என் கற்பனை அன்று, நிஷிபே தெய்ஜி வாசித்தபடியே தந்திருக்கிறேன்’ என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள்.

சென்ற சனிக்கிழமை கீழை வரலாற்றுக் கழகத்தின் கூட்டத்தில் என் பழைய மாணவர் இவாமி எழுந்து நின்றார். “நிஷிபே சார், பதிமூணு வருஷமா கட்டத்தத் தொடாதேன்னு எங்கள விரட்டுனீங்க. நான் ஒரே ஒரு கட்டத்த நிரப்பினதுக்கு என் கட்டுரையவே தூக்கிப் போட்டீங்க. இப்ப சிநேகிதர் நாவல்னதும் மூணு கட்டத்தையும் நிரப்பிட்டீங்களே! எங்களுக்கும் ஒரு நாவலாசிரியரப் பிடிச்சுக் குடுங்க சார்!” என்றார். அறுபது பேர் சிரித்தார்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.

அம்மூன்று எழுத்துகளை நான் வாசிக்கவில்லை. அவை உங்கள் கற்பனை. மே மாத முடிவுக்குள் செய்தித்தாளில் அதை ஒப்புக்கொண்டு, அடுத்த பதிப்பில் அவற்றை நீக்குங்கள். இல்லையெனில், நீங்கள் பொய்யர் என்று கழகத்தின் இதழில் நான் எழுத நேரும்.

நிஷிபே தெய்ஜி


ஸுஷி
ஏப்ரல் 17

அன்புள்ள நிஷிபே,

உயர்பள்ளி விடுதியில் ஒரே போர்வைக்குச் சண்டை போட்ட காலத்திலிருந்து முப்பத்தாறு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நீ என்னைக் கழுதை என்று எழுதியிருக்கிறாய், குடிகாரன் என்று எழுதியிருக்கிறாய். ‘நீங்கள்’ என்று எழுதியதில்லை. கடிதத்தைப் பிரித்து அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “யாரு, வருமான வரி ஆபீசா?” என்று கேட்டாள்.

நான் எப்படி வேலை செய்கிறேன் என்பது உனக்குத் தெரியும். பழைய ஏட்டில் ஒரு வரி கிடைத்தால், அதற்கு முன்னும் பின்னும் கிடக்கும் காலி மனையில்தான் வீடு கட்டுவேன். வரியின் மேல் கை வைக்கமாட்டேன். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். இதையும் நான் கற்பனை செய்யவில்லை, நிஷிபே. உன் நான்காம் நோட்டுப் புத்தகத்தைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முப்பத்தோராம் பக்கத்தைப் பார். பார்த்துவிட்டுத் திட்டு. எப்படித் திட்டினாலும் ஒருமையில் திட்டு.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்? அதையும் எழுது.

ரியோஹெய்


கியோத்தோ
ஏப்ரல் 22

குசாக்கா அவர்களுக்கு,

நோட்டுப் புத்தகம் கிடைத்தது.

என் கிறுக்கல்களைத் தெளிவாகப் பெயர்த்து எழுதித் தந்தவள் மினே என்பதைத் தாங்கள் அறிவீர்கள். முப்பத்தோராம் பக்கத்தில் அவள் கையால் எழுதிய மைவரிகள் இருக்கின்றன. அவற்றின் நடுவே மூன்று கட்டங்களை அளவுகோல் வைத்து ஒழுங்காகப் போட்டிருக்கிறாள். அக்கட்டங்களுக்குள் பென்சிலால், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, ‘தானே நடக்கிறாள்’ என்று பொருள்படும் மூன்று எழுத்துகள் உள்ளன. அந்தப் பென்சில் எழுத்தும் மினேயினுடையதே.

ஆகவே நீங்கள் இட்டுக்கட்டினீர்கள் என்ற குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன். அதனால் என் கோபம் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மைக்கும் பென்சிலுக்கும் வேறுபாடு தெரியாத கண் அல்ல உங்களுடையது. அது என் வாசிப்பு அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தே என் பெயரை அடியில் வைத்தீர்கள்.

இரண்டு கேள்விகள். நான் தோக்கியோ போயிருந்த நாளில் நோட்டைத் தங்களிடம் கொடுத்ததாக நான் திரும்பி வந்த இரவு அவள் சோறு பரிமாறும்போது சொன்னாள். அன்று வேறு என்ன சொன்னாள்? தாங்கள் ஏன் என்னிடம் சொல்லவில்லை?

உணவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெருமுனையில் உள்ள கடையில் தௌஃபு சோயாக்கட்டி வாங்குகிறேன். விற்பவள் இன்னும் பழக்கத்தில் இரண்டு துண்டாகவே கொடுக்கிறாள். ஒன்று போதும் என்று நானும் சொல்வதில்லை.

நிஷிபே


ஸுஷி
ஏப்ரல் 27

நிஷிபே,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நாவலுக்குக்கூட இவ்வளவு தாள் வீணாக்கியதில்லை.

சென்ற வருடத்துக்கு முந்தைய வருடம் செப்டம்பர் மாதம் உன் வீட்டுக்கு வந்தேன். நீ இல்லை. மினே கத்தரிக்காய் ஊறுகாயும் தேநீரும் வைத்தார். என் பழைய நாவல் ஒன்றைப் படித்திருந்தார். “குசாக்கா சார், உங்க கதையில வர்ற பொம்பளைங்க எல்லாரும் ஜன்னல் பக்கத்துலயே நின்னுட்டிருக்காங்களே, அடுப்புல இருக்கிறது தீஞ்சு போகாதா?” என்று கேட்டார். நான் சிரித்து முடிப்பதற்குள் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தை அவரே பிரித்து என் முன் வைத்தார்.

“இந்தக் கடுதாசிய வச்சு ஒரு கதை எழுதுங்க,” என்றார்.

நான் பென்சிலைப் பார்த்தேன். “இது நிஷிபே போட்டதா?”

“அவரா? அவரு கட்டத்துக்குள்ள தூசி விழுந்தாக்கூட ஊதிட்டுப் போவாரு. நான்தான் போட்டேன்.”

“ஊகமா?”

“ஊகமில்ல. எனக்குத் தெரியும்.”

இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒருத்தி எழுதியது இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாய் எடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு கேட்டேன். “நிஷிபேக்குத் தெரிஞ்சா கத்துவானே?”

“கத்தமாட்டாரு சார். கத்தினா எவ்வளவோ தேவலையே! நீங்க அப்படியே போடுங்க. புஸ்தகத்துல வந்தாலாவது படிப்பாரு. யாரு எழுதினதுன்னு கேட்டா, மினேன்னு சொல்லுங்க. ஆனா கேக்கமாட்டாரு. பாருங்க.”

இவ்வளவுதான் நடந்தது. அப்புறம் ஊறுகாயைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு அந்த வரி வேண்டியிருந்தது, நிஷிபே. அது இல்லாமல் என் வீரன் கோபுரத்தை விட்டு இறங்க மறுத்தான். உண்மையைச் சொன்னால் நீ கட்டத்தைத் திரும்ப வெறுமையாக்கிவிடுவாய் என்று பயந்தேன். உன் பெயரைப் போட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்றும் நினைத்தேன். அது திருட்டு. பேராசை பிடித்த ஒருவன் செய்கிற காரியம்.

செய்தித்தாளுக்கு எழுதிவிட்டேன். உறையில் போடாமல் வைத்திருக்கிறேன். அதில் மினேயின் பெயர் வர வேண்டியிருக்கிறது. நீ சொல்லாமல் அதை அனுப்பமாட்டேன்.

ரியோஹெய்


கியோத்தோ
மே 9

ரியோஹெய்,

உன்னை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் எழுதப் போவதைப் படித்துவிட்டு நீ வேறு விதமாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஷோவா 20ஆம் ஆண்டின் வசந்தத்தில், போர் முடியும் முன், நான் வடக்கே, மஞ்சூரியாவில், படையில் இருந்தேன். மினேயும் எங்கள் மகள் சாயோவும் கோபேயில் இருந்தார்கள். ஏப்ரலில் மினேயின் கடிதம் ஒன்று வந்தது. தணிக்கை அதிகாரி தூரிகையால் ஒரு முழு வரியைக் கருமை பூசி அழித்திருந்தான். ‘கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். குழந்தை’ என்று தொடங்கி, கருப்பு, பிறகு ‘கவலை வேண்டாம்’. ஊர்ப் பெயர்களைத் தணிக்கையில் அழிப்பது வழக்கம். எனவே குழந்தையை ஏதோ கிராமத்துக்கு அனுப்பியிருக்கிறாள், ஊர்ப் பெயரை அழித்திருக்கிறார்கள் என்று நான் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டேன். நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த வருடம் திரும்பி வந்து, அவள் ஒண்டியிருந்த வீட்டு வாசலில் நின்று, காலணியைக்கூடக் கழற்றாமல், “சாயோவ எந்த ஊர்ல விட்டிருக்க?” என்று கேட்டேன். சாயோ ஜூன் ஐந்தாம் தேதி குண்டுவீச்சில் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

அன்று முதல் நான் எந்தக் கட்டத்தையும் நிரப்பியதில்லை. மாணவர்கள் அதை அறிவின் ஒழுக்கம் என்று நினைத்தார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். அந்தக் கருப்புக்கு அடியில் உண்மையில் என்ன இருந்தது என்று மினேயிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. பதினான்கு வருடம் ஒரே அறையில், ஒரே கணப்பில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். நான் என் மரத்தகடுகளைப் படித்தேன், அவள் அவற்றைப் பெயர்த்து எழுதினாள்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை, கிழக்கு ஜன்னலில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில், அந்தப் பழைய கடிதத்தை எடுத்தேன். மங்கிய தகடுகளைப் படிக்கும் முறைதான்: ஒளியைப் பக்கவாட்டில் விழவிட்டு, மேற்பரப்பின் மேடுபள்ளத்தைப் பார்ப்பது. மினே கடினமான பென்சிலை அழுத்தி எழுதுபவள். தணிக்கை மை தாளின் முகத்தை மூடியிருந்தது. முதுகில் பென்சிலின் தடம் அப்படியே புடைத்திருந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இருபது வருடமாக அந்நியர்களின் கடிதங்களுக்கு நான் செய்துவந்த வேலை. இதற்கு மட்டும் செய்யவில்லை.

எந்தக் கட்டமும் இல்லாமல் இங்கே பெயர்த்து எழுதுகிறேன்:

‘கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். குழந்தை தானே நடக்கிறாள். அபாயச் சங்கு ஊதினால் என் கையை உதறிவிட்டுப் பதுங்குகுழிக்கு முன்னால் போகிறாள். கவலை வேண்டாம்.’

சங்கைப் பற்றி எழுதியதால் அழித்திருக்கிறான். சாயோ நடந்ததை நான் பார்த்ததில்லை. நான் போனபோது அவள் குப்புற விழக் கற்றிருந்தாள்.

இனி செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். மரத்தகட்டில் உள்ளவை மூன்று வெற்றுக் கட்டங்கள்தான். என் வீட்டிலிருந்து வந்த நோட்டில் அவை நிரப்பப்பட்டிருந்தன, பொறுப்பு என்னுடையது என்று கழகத்துக்கு எழுதிவிட்டேன். இவாமியின் கட்டுரையை நிராகரித்த கடுமைக்கும் வருத்தம் தெரிவித்தேன். அவர் சிரிக்கட்டும். நீ செய்தித்தாளுக்கு எழுதியதை அனுப்ப வேண்டாம். அடுத்த பதிப்பில் அந்த மூன்று எழுத்துகளையும் நீக்க வேண்டாம். பின்னுரையில் என் பெயரை எடுத்துவிட்டு, அந்த வரியை எழுதியவர் நிஷிபே மினே என்று போடு. வேறு விளக்கம் எதுவும் எழுதாதே. அவள் உன்னிடம் சொல்லச் சொன்னதும் அவ்வளவுதான்.

நவம்பரில் அவளுக்கு முதலாண்டு நினைவு நாள் வரும். நீ வர வேண்டாம். அதற்குப் பின் எப்போதாவது நானே எழுதினால் எழுதுவேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்வதற்கில்லை. மினேயின் அந்தக் கடிதத்தை வைக்க அவளுடைய தையல் பெட்டியைத் திறந்தேன். அடியில், அப்போது நான் வடக்கிலிருந்து எழுதிய பதில் இருந்தது. ஜூன் இருபதாம் தேதி அவள் கைக்குக் கிடைத்ததாக உறை மேல் பென்சிலால் குறித்திருக்கிறாள். அதில் தணிக்கை எதுவும் இல்லை. என் கையெழுத்து மிகத் தெளிவாக இருக்கிறது. ஓர் எழுத்தும் அழியவில்லை:

‘குழந்தையை அனுப்பியது நல்லதாயிற்று. வீட்டில் தனியாக இருப்பது முதலில் உனக்குக் கஷ்டமாக இருக்கும். போகப்போகப் பழகிவிடும்.’

தெய்ஜி