சிறுத்தைக்கு நீ கொடுத்துவிட்டுப் போனது

என் ஆசை மாப்ளே சையதுக்கு,

நேற்று உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு நாயுடுபுரம் போயிருந்தேன். நெய்ச்சோற்றைத் தொடாமலே எழுந்துவிட்டேன். துக்கம் என்று உன் வீட்டார் நினைத்திருப்பார்கள். கோபம் மாப்ளே, உன் மேல் கோபம்.

தாண்டிக்குடி காப்பித் தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் மாட்டிய அந்தச் சிறுத்தையை நாம்தானே நம் விலங்கு மீட்பு மையத்துக்குத் தூக்கி வந்தோம்? வந்த அன்றே நம் கால்நடை டாக்டரம்மா மயக்க ஊசி போட்டு, காசநோய்த் தொற்று உண்டா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். இல்லை என்று வந்தது. கால் புண் ஆறினதும் காட்டில் விட்டுவிடலாம் என்றார். கூண்டுக் கதவை நான்தான் தூக்குவேன் என்று குதித்தாய்.

ஜீப் கவிழ்ந்து நீ போய்விட்டாய். புண் ஆறிவிட்டது. விடுவதற்கு முன் மறுபடி சோதித்தார்கள். தொற்று இருக்கிறது.

எங்கிருந்து வந்தது? கூண்டருகே போன எல்லோருமே முதலிலேயே சோதனைக்குச் சளி கொடுத்து, நோய் இல்லை என்று ஆனவர்கள். நேற்றுவரை அப்படித்தான் நம்பினேன்.

சாப்பாட்டுக்கு முன் உன் மனைவி பாத்திமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு அழுதாள். "அண்ணே, அவருக்குக் காசம்னு முன்னாடியே தெரியும்ணே. மாத்திரையப் பாதியில விட்டுட்டாரு. வெளிய தெரிஞ்சா கூண்டுப் பக்கமே சேக்கமாட்டாங்கன்னு என் வாயையும் அடைச்சுட்டாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சளி கொடுத்த அன்று, டப்பாக்களைச் சோதனைக்குக் கொண்டுபோகக் கிளம்பிய நீ திரும்பி வந்து, "ஏலே மச்சான், ஒன் டப்பா கைதவறிக் கொட்டிருச்சு, வெரசா இன்னொண்ணு துப்பித் தா" என்றாய். நானும் வெள்ளந்தியாக இருமித் துப்பிக் கொடுத்தேன். கொட்டவே இல்லை, இல்லையா? ஒன்று என் பெயரில் போனது, மற்றது உன் பெயரில்.

மயக்கத்தில் கிடக்கும் விலங்குக்குத் தலைமாட்டில் உட்காருவது எப்போதும் நீதான். அதன் கண்ணைத் துணியால் மூடி, மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, மூக்கருகே கன்னத்தை வைத்து மூச்சு பார்ப்பாய். "மாஸ்க் போட்டா மூச்சு படுறது தெரியாதுலே" என்பாய். உன் மூச்சும் அதன் மேல் படுமே, அதை யோசிக்கவே இல்லையா?

என்னிடம் மட்டுமாவது சொல்லியிருக்கக் கூடாதா? நீ தேறும்வரை உன் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். கதவைத் தூக்க உன்னைத்தான் கூப்பிட்டிருப்பேன். எத்தனை நாள் ஒரே தட்டில் சாப்பிட்டோம், அதற்குக்கூட நான் தகுதி இல்லையா?

இன்று காலை டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செத்தவன் பெயரைக் கெடுக்கிறான் என்று ஊர் பேசட்டும். நானும் சளி கொடுத்திருக்கிறேன், இந்த முறை ஒரே டப்பா. உன்னிடமிருந்துதான் தொற்றியது என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போதைக்கு அதைக் காட்டில் விட முடியாது. கறிக்குள் மாத்திரை வைத்துக் கொடுத்துப் பார்க்கப்போகிறார்கள். என்றைக்காவது விடுவார்களா என்று கேட்டேன், மாத்திரை முடிந்து மறுபடி சோதித்தால்தான் தெரியும் என்றார்கள்.

கறி வைக்கும் சோலியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு வேளைகூடத் தப்பவிடமாட்டேன். நீ பாதியில் விட்ட மருந்தை உன் சிறுத்தை முழுதாகத் தின்னும் மாப்ளே. நான் பக்கத்தில் இருப்பேன், மாஸ்க்கோடு.

இன்னமும் உன் மச்சான்தான்,
முருகேசன்